இன்ட்ரானெட் லாகினுக்கு ஏடி: எல்டாப்பா, கெர்பரோஸா, ஓஐடிசியா?

முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் போன மாதம் அழைத்தார். அவர் இப்போது இருப்பது நானூறு பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனி. லினக்ஸில் அப்பாச்சி வெப் சர்வர், அதில் நான்கு உள்தளங்கள்: விக்கி, சர்வர் கண்காணிப்புப் பலகை, தினசரி ரிப்போர்ட், லீவு விண்ணப்பம். நான்குக்கும் நான்கு பாஸ்வேர்ட் ஃபைல்.

"அண்ணா, ஆடிட்டர் வந்து ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரிசைன் பண்ணினவர் பேரு முதல் வரியிலேயே இருக்கு. மானமே போச்சு. இனி எல்லாம் ஏடி லாகின்தான்னு மேனேஜர் சொல்லிட்டார். எல்டாப் போடவா, கெர்பரோஸ் போடவா, இல்ல இந்த ஓஐடிசியா? தேடிப் பார்த்தா மூணுமே நல்லதுங்கிறாங்க."

ஏடி என்பது ஆக்டிவ் டைரக்டரி, கம்பெனியின் எல்லாக் கணக்குகளும் இருக்கும் மைக்ரோசாஃப்டின் பட்டியல். அதை வைத்து ஆளைச் சரிபார்க்கும் வழிகள்தான் அவர் கேட்ட மூன்றும். மூன்றுமே நல்லதுதான். எல்லோரும் செட்டப் செய்யும் நாளை வைத்து எழுதுகிறார்கள், அதில்தான் சிக்கல். எந்த வழியும் அன்றைக்கு வேலை செய்துவிடும். ஒருவர் பாஸ்வேர்ட் மாற்றும் நாள், ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாள், ஏதோ ஒன்று காலாவதியாகும் நாள் ஆகிய மூன்றிலும்தான் வித்தியாசம் தெரியும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், பாஸ்வேர்ட் யார் கையில் படுகிறது என்று பாருங்கள். ஏடி பாஸ்வேர்ட் என்பது விக்கிக்கான பாஸ்வேர்ட் மட்டும் அல்ல. மெயில், லேப்டாப், விபிஎன் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. ஒரு சின்ன ரிப்போர்ட் பக்கத்துக்காக அந்தச் சாவியை எத்தனை இடத்தில் நீட்டுகிறோம்?

அடுத்து, விலகியவருக்குக் கதவு எவ்வளவு நேரத்தில் சாத்தும்? ஹெச்ஆர் சொல்லி, ஏடியில் கணக்கை முடக்கிய நொடியிலிருந்து எண்ணுங்கள்.

மூன்றாவது, ஆட்கள் எங்கிருந்து, எதில் வருகிறார்கள்? டொமைனில் (ஏடி ஆளும் வலையில்) சேர்ந்த அலுவலக மெஷினா, வீட்டு லேப்டாப்பா, போனா? அப்புறம் ஆளே இல்லாத லாகின்கள் உண்டு, அதாவது ஸ்கிரிப்ட்கள். செட்டப் செய்யும்போது அவற்றை யாரும் நினைப்பதில்லை.

கடைசியாக, எதை யார் எப்போது புதுப்பிக்க வேண்டும்? சர்வீஸ் அக்கவுண்டின் (ஆளுக்கு அல்ல, சர்வருக்காகப் போட்ட கணக்கின்) பாஸ்வேர்ட், சர்டிஃபிகேட், கீடேப், கிளையன்ட் சீக்ரெட் என்று ஒவ்வொரு வழியிலும் ஒரு கெடு ஒளிந்திருக்கிறது.

## எல்டாப், பேசிக் ஆத்தோடு

எல்டாப் 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஒரு விவரப்பட்டியலில் ஆளைத் தேடுவதற்கான எளிய நெறிமுறை. பாஸ்வேர்ட் சரிபார்க்கும் வேலை அதன் தலையில் பிறகு ஏறியது என்பதை நினைவில் வைத்தால் இதன் குணம் பாதி புரிந்துவிடும்.

நடப்பது இதுதான். உலாவி ஒரு பெட்டியைக் காட்டுகிறது, இதுதான் பேசிக் ஆத். பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கிறீர்கள். அப்பாச்சி முதலில் தன்னுடைய சர்வீஸ் அக்கவுண்டால் ஏடிக்குள் நுழைந்து, அந்தப் பெயருக்கு உரிய ஆளைத் தேடி எடுக்கிறது. பிறகு அந்த ஆளாகவே, நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டோடு, இன்னொரு முறை நுழைந்து பார்க்கிறது. நுழைய முடிந்தால் நீங்கள் நீங்கள்தான்.

கான்ஃபிக் பத்து வரிக்குள் முடியும். அந்தப் பத்து வரியில் விழக்கூடிய குழிகளைச் சொல்கிறேன்.

தேடலை டொமைனின் வேரிலிருந்து ஆரம்பித்தால் 'ஆபரேஷன்ஸ் எரர்' என்று ஒரு பதில் வந்து நாள் முழுவதும் மண்டையைக் குடையும். ஏடி பக்கத்து டொமைன்களுக்குக் கைகாட்டிவிடுகிறது; அப்பாச்சி அங்கே போய்த் தடுக்கி விழுகிறது. ரெஃபரலை (அந்தக் கைகாட்டலை) பின்தொடராதே என்று அணைக்கலாம், இல்லையென்றால் குளோபல் கேட்டலாக் (எல்லா டொமைன்களின் சுருக்கப் பட்டியல்) போர்ட்டுக்குப் போகலாம்: 3268, டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்காதபடி பூட்டும் முறை) வேண்டுமென்றால் 3269.

சாதாரணப் போர்ட் 389இல் டிஎல்எஸ் இல்லாமல் விட்டால், உலாவியிலிருந்து அப்பாச்சி வரை பூட்டிக்கொண்டு வந்த பாஸ்வேர்ட் அங்கிருந்து டொமைன் கன்ட்ரோலர் (ஏடி ஓடும் சர்வர்) வரை திறந்த லெட்டராகப் போகும். டிஎல்எஸ் போர்ட்டான 636க்கு மாறினால் சர்டிஃபிகேட் பொருந்தவில்லை என்று அழும். அப்போது நிறையப் பேர் செய்வது சரிபார்ப்பையே அணைத்துவிடுவது. கம்பெனியின் உள் சிஏ (சர்டிஃபிகேட்டுகளுக்குக் கையொப்பமிடும் அமைப்பு) சர்டிஃபிகேட்டை வாங்கி வைப்பது அரை மணி வேலை. அதைச் செய்யுங்கள்.

'ரிக்வயர் வேலிட் யூசர்' என்று எழுதிவிட்டு முடித்துவிடாதீர்கள். அதன் பொருள் ஏடியில் கணக்குள்ள யாரும் என்பது. நேற்று சேர்ந்த பயிற்சியாளரும், பிரின்டருக்காகப் போட்ட கணக்கும் அதில் அடக்கம். குழுவைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். குழுவுக்குள் குழு இருந்தால் தனியாகச் சோதித்துப் பாருங்கள், பலர் வெளியே நிற்பார்கள்.

இதெல்லாம் ஒருமுறைச் செலவு. ஒளிந்திருக்கும் செலவு வேறு. பேசிக் ஆத்தில் பாஸ்வேர்ட் ஒருமுறை மட்டும் போவதில்லை, ஒவ்வொரு கோரிக்கையோடும் அதன் தலைப்பில் (ஹெடர்) போகிறது. பேஸ்64 என்ற மெல்லிய துணி போர்த்தியிருக்கும், அவ்வளவுதான். அப்பாச்சிக்குப் பின்னால் புராக்ஸியில் ஓடும் அப்ளிகேஷனுக்கும் அந்தத் தலைப்பு அப்படியே போய்ச் சேரும். யாரோ இன்டர்ன் எழுதிய ரிப்போர்ட் நிரல் அந்தத் தலைப்பை லாகில் எழுதினால், நானூறு பேரின் ஏடி பாஸ்வேர்டும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில். லாக்அவுட் என்று ஒன்று கிடையாது. உலாவியை மூட வேண்டும். இரண்டாம் காரணிச் சரிபார்ப்பு கிடையாது, அதாவது போனுக்கு ஓடிபி வராது.

பாஸ்வேர்ட் மாற்றும் நாளுக்கு ஒரு சின்னக் கதை. நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு இன்ஜினியரின் கணக்கு தினமும் லாக் ஆகிக்கொண்டே இருந்தது. திறந்துவிட்டால் அரை மணிக்குள் மறுபடி லாக். வைரஸ் என்றார்கள், லேப்டாப்பை ஃபார்மட் செய்தார்கள். கடைசியில் பார்த்தால், அவரே ஒரு வருடத்துக்கு முன் எழுதி மறந்த ஸ்கிரிப்ட். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கர்ல் (கமாண்டிலிருந்து பக்கங்களை இறக்கும் கருவி) போட்டு ரிப்போர்ட்டை இறக்கும். உள்ளே அவருடைய சொந்தப் பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் மாறிய பிறகு ஒவ்வொரு முறையும் ஏடியில் ஒரு தவறான முயற்சி பதிவானது. ஐந்து முயற்சி சேர்ந்தால் லாக் என்பது அங்கே பாலிசி.

இப்படிச் சிக்கல் வந்தால் உலாவிப் பெட்டி உதவாது. அது எல்லாத் தவறுக்கும் மறுபடி மறுபடி வந்து நிற்கும். ஷெல்லில் எல்டாப்சர்ச் ஓட்டிப் பாருங்கள். பிழை எண் எப்போதும் 49தான், ஆனால் அதே வரியில் 'டேட்டா' என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். 52இ என்றால் பாஸ்வேர்ட் தவறு, 532 என்றால் காலாவதி, 533 என்றால் கணக்கு முடக்கம், 775 என்றால் லாக். 773 என்றால் அடுத்த லாகினில் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டிய ஆள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாள் காலையில் லீவு தளத்தில் நுழைய முடியாமல் தவிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

விலகும் நாளில் எல்டாப் நன்றாகவே நடந்துகொள்கிறது. அப்பாச்சி ஒரு வெற்றிகரமான சரிபார்ப்பை இயல்பாக 600 நொடிகள் நினைவில் வைக்கும். கணக்கை முடக்கினால் பத்து நிமிடத்துக்குள் கதவு சாத்தும். வேண்டுமானால் அதையும் குறைக்கலாம். பாஸ்வேர்டை அதிகம் வெளியே நீட்டுவதும் இதுதான், விலகியவரை வேகமாக வெளியேற்றுவதும் இதுதான். மற்ற இரண்டையும் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

அப்பாச்சிக்குப் பதில் எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்த மூலப் பதிப்பில் எல்டாப் உள்ளே கிடையாது. துணைக் கோரிக்கை ஒன்றை வெளியே அனுப்பி விடை கேட்கும் வசதிதான் உண்டு. அந்த விடையை ஒரு தனி டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) தர வேண்டும். எஞ்சின்எக்ஸ் தரப்பே மாதிரிக்காக வெளியிட்ட எல்டாப் டீமனில் பாதுகாப்புக் குறைகள் இருப்பதாக 2022 ஏப்ரலில் அவர்களே அறிவித்தார்கள். நாமே ஒன்றை எழுதுவதானால் வெற்றுப் பாஸ்வேர்டை முதலில் மறுக்க வேண்டும். பெயர் மட்டும் கொடுத்துப் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால், எல்டாப் விதிப்படி அது அடையாளமில்லா நுழைவு. பல டைரக்டரிகள் 'வெற்றி' என்றே பதில் சொல்லும். அப்பாச்சி இதைத் தானாகவே தடுக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு நாம் எழுதும் பைத்தான் ஸ்கிரிப்ட் தடுக்காது.

## கெர்பரோஸ்

எம்ஐடியின் அதீனா திட்டத்தில் 1980களில் உருவானது. விண்டோஸ் 2000 முதல் ஏடியின் முதுகெலும்பு. காலையில் லேப்டாப்பில் லாகின் செய்ததோடு சரி; உலாவி டொமைன் கன்ட்ரோலரிடம் ஒரு டிக்கெட் வாங்கி அப்பாச்சியிடம் நீட்டும். பாஸ்வேர்ட் வெப் சர்வர் பக்கமே வராது. பெட்டி வராது, யாரும் எதையும் டைப் செய்ய வேண்டாம். வேலை செய்யும்போது இதைவிடச் சுகமான ஒன்று கிடையாது.

வேலை செய்யாதபோது யாருக்கும் ஏன் என்று தெரியாது.

தளத்தின் பெயரை ஏடியில் ஒரு கணக்கோடு கட்டி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் எஸ்பிஎன். அந்தக் கணக்கின் சாவியை கீடேப் என்ற ஃபைலில் எடுத்து அப்பாச்சிக்குக் கொடுக்க வேண்டும். ஒரே எஸ்பிஎன் இரண்டு கணக்கில் இருந்தால் டிக்கெட் கிடைக்காது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை யாராவது மாற்றினால் கீடேப் செல்லாக்காசு. சர்வர் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் எல்லா டிக்கெட்டும் மறுக்கப்படும். தளத்துக்கு ஐபி எண்ணில் வந்தாலும் நடக்காது. சீநேம் (டிஎன்எஸ்ஸில் ஒரு மாற்றுப் பெயர்) வைத்திருந்தால் உலாவி அதன் பின்னால் இருக்கும் உண்மையான பெயருக்கு டிக்கெட் கேட்கக்கூடும், நீங்கள் எஸ்பிஎன் போட்டதோ அழகுப் பெயருக்கு.

ஒரு குறுக்குவழி: உலாவியின் டெவலப்பர் கருவியில் ஆத்தரைசேஷன் தலைப்பைப் பாருங்கள். 'நெகோஷியேட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எழுத்துக் குவியல் ஒய்-ஐ-ஐ என்று ஆரம்பித்தால் கெர்பரோஸ் டிக்கெட் வந்திருக்கிறது, தவறு சர்வர் பக்கம். டி-எல்-ஆர்-எம் என்று ஆரம்பித்தால் உலாவிக்கு டிக்கெட் கிடைக்காமல் பழைய லாகின் முறையான என்டிஎல்எம்மில் இறங்கிவிட்டது. எஸ்பிஎன்னையோ உலாவி அமைப்பையோ பாருங்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின.

இன்னொன்று விசித்திரமானது. எல்லோருக்கும் தளம் திறக்கிறது, நிறுவனத்தின் மூத்தவர் ஒருவருக்கு மட்டும் 400 பிழை. காரணம், அவர் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறார்! குழு விவரங்கள் டிக்கெட்டுக்குள்ளேயே பயணிப்பதால் டிக்கெட் பெருத்துவிடுகிறது. அப்பாச்சி ஒரு தலைப்புக்கு இயல்பாக அனுமதிப்பது 8190 பைட் மட்டுமே. வரம்பைக் கூட்டினால் சரியாகிவிடும். ஆனால் புகார் எப்போதும் பெரிய இடத்திலிருந்தே வரும்.

விலகும் நாளில் இது தாமதம். ஏடியின் இயல்பு அமைப்பில் ஒரு டிக்கெட்டுக்கு ஆயுள் 10 மணி நேரம். அப்பாச்சி டிக்கெட்டை கீடேப்பை வைத்துத் தானே சரிபார்க்கிறது, ஏடியிடம் கேட்பதில்லை. காலை ஒன்பதுக்கு டிக்கெட் வாங்கியவரை பதினொன்றுக்கு முடக்கினாலும் மாலை வரை அந்தத் தளம் அவருக்குத் திறக்கலாம். லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டால் ஒழிய.

டிக்கெட்டுக்குள் குழு விவரம் இருந்தாலும், அப்பாச்சிக்கு இது யார் என்று மட்டும்தான் சொல்லும். எந்தக் குழு என்பதைப் பார்க்க அப்பாச்சியில் மறுபடியும் எல்டாப்பிடமே போக வேண்டியிருக்கும். ஆக, எல்டாப்பின் சர்வீஸ் அக்கவுண்டிலிருந்து தப்பிக்க முடியாது. போனிலும் வீட்டு லேப்டாப்பிலும் இது நடக்காது என்பதால் 'டிக்கெட் இல்லாவிட்டால் பேசிக் ஆத்' என்று பின்வாசல் வைப்பார்கள். வைத்த அன்றே, பாஸ்வேர்ட் சர்வருக்கு வராது என்ற ஒரே பெரிய லாபம் போய்விட்டது.

## ஓஐடிசி

ஓப்பன்ஐடி கனெக்ட், 2014இல் இறுதி செய்யப்பட்டது. அப்பாச்சி இனி யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. வருகிறவரை ஓர் அடையாள சேவையிடம் அனுப்பிவிடுகிறது. அவர் அங்கே லாகின் செய்து, கையொப்பமிட்ட ஒரு சீட்டோடு திரும்புகிறார். அந்தச் சேவை மைக்ரோசாஃப்டின் என்ட்ரா ஐடியாக இருக்கலாம் (2023 வரை அதன் பெயர் அஸூர் ஏடி), அல்லது நாமே ஓட்டும் கீகிளோக்காக இருக்கலாம். கீகிளோக் பின்னால் ஏடியோடு எல்டாப்பில்தான் பேசும். பாஸ்வேர்ட் அந்த ஒரே இடத்தில் மட்டும் படும். எஞ்சின்எக்ஸ் என்றால் ஓஆத்2 புராக்ஸி என்ற சிறு நிரலை நடுவில் வைப்பது வழக்கம்.

ஓடிபி, ஆத்தென்டிகேட்டர் எல்லாம் இங்கேதான் ஒழுங்காக நடக்கும். போன், வீடு, காபிக் கடை எங்கிருந்தும் வரலாம். இந்த மூன்றில் ஆடிட்டர் முகம் மலர்வது இதற்குத்தான்.

செலவைப் பார்ப்போம். என்ட்ராவில் கிளையன்ட் சீக்ரெட்டுக்கு (அப்பாச்சி தன்னை நிரூபிக்க அந்தச் சேவையிடம் காட்டும் சாவி) போர்ட்டலில் அதிகபட்சம் 24 மாதம். இரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை எல்லாத் தளமும் ஒரே நேரத்தில் நிற்கும். அதைப் போட்டவர் அப்போது வேறு கம்பெனியில் இருப்பார். சீக்ரெட் உருவாக்கும் அன்றே பொது நாட்காட்டியில் தேதியைக் குறித்துவிடுங்கள், உங்கள் சொந்த நாட்காட்டியில் அல்ல. ஒருவர் 200க்கு மேல் குழுக்களில் இருந்தால் என்ட்ரா குழுப் பட்டியலையே சீட்டில் தராது, வேறு இடத்தில் போய்க் கேள் என்று சுட்டும். கெர்பரோஸில் 400 வாங்கிய அதே பெரியவர் இங்கேயும் வெளியே நிற்பார்.

கீகிளோக்குக்கு லைசன்ஸ் காசு இல்லை. ஆனால் அது இன்னொரு சர்வர், இன்னொரு டேட்டாபேஸ், அடிக்கடி வரும் புதிய பதிப்புகள். அது விழுந்தால் எல்லாக் கதவும் விழும். ஒரே ஆள் பார்க்கும் ஐடி டிபார்ட்மென்டில் இதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்கிரிப்ட்கள் இங்கே உடையும். கர்ல் போட்டால் ரிப்போர்ட்டுக்குப் பதில் லாகின் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் வரும். ஸ்கிரிப்ட் அதையே சிஎஸ்வி என்று நினைத்து எக்செலில் ஏற்றும். திறந்தே கிடக்கும் கண்காணிப்புப் பலகையும், செஷன் முடிந்ததும் பின்னணிக் கோரிக்கைகள் லாகின் பக்கத்துக்குத் திருப்பப்பட்டு, சுழன்றுகொண்டே நிற்கும். பின்னணிக் கோரிக்கைக்கு 401 (லாகின் தேவை) என்ற பதிலைக் கொடு என்று அமைக்கலாம். அமைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

விலகும் நாள்? அப்பாச்சியின் ஓஐடிசி மாட்யூல் இயல்பாக ஒரு செஷனை அதிகபட்சம் 8 மணி நேரம் வைத்திருக்கும், 5 நிமிடம் அசைவில்லாவிட்டால் முடித்துவிடும். அந்த 5 நிமிடம் எரிச்சலாக இருக்கிறது என்று எல்லோரும் அதை ஏற்றிவிடுவார்கள். ஏற்றிய பிறகு, கணக்கை முடக்கினாலும் திறந்திருக்கும் செஷன் எட்டு மணி வரை ஓடும்.

அப்புறம், லாகின் முடிந்ததும் பயனர் பெயரை ஒரு தலைப்பில் வைத்துப் பின்னால் உள்ள அப்ளிகேஷனுக்கு அனுப்புவோம். அந்த அப்ளிகேஷன் 8080 போர்ட்டில் நெட்வொர்க் முழுவதற்கும் திறந்திருந்தால், யார் வேண்டுமானாலும் நேராகப் போய் 'நான்தான் எம்டி' என்று அதே தலைப்பை எழுதிக் கொடுக்கலாம். லோக்கல்ஹோஸ்டில் (அதே மெஷினுக்குள்) மட்டும் கேட்க வையுங்கள்.

சாமெல் 2.0 பற்றிக் கேட்பீர்கள். 2005இல் வந்தது, இதே தத்துவம், எக்ஸ்எம்எல் உடையில். நீங்கள் வாங்கும் சாஃப்ட்வேர் அதை மட்டும்தான் பேசும் என்றால் போடுங்கள். புதிதாகத் தொடங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | எல்டாப், பேசிக் ஆத் | கெர்பரோஸ் | ஓஐடிசி |
|---|---|---|---|
| பாஸ்வேர்ட் எங்கே படும் | ஒவ்வொரு வெப் சர்வரிலும், ஒவ்வொரு கோரிக்கையிலும் | எங்கும் இல்லை | அடையாள சேவையில் மட்டும் |
| முடக்கிய பின் கதவு | 10 நிமிடத்துக்குள் | 10 மணி நேரம் வரை | 8 மணி நேரம் வரை |
| ஓடிபி | இல்லை | லேப்டாப் லாகினில் இருந்தால் உண்டு | உண்டு |
| போன், வீட்டு மெஷின் | நடக்கும் | நடக்காது | நடக்கும் |
| ஸ்கிரிப்ட் | எளிது, ஆனால் ஆபத்து | கீடேப்போடு முடியும் | தனி ஏற்பாடு வேண்டும் |
| கெடு | சர்வீஸ் அக்கவுண்ட், சிஏ சர்டிஃபிகேட் | கீடேப் | கிளையன்ட் சீக்ரெட் |
| செட்டப் | அரை நாள் | இரண்டு நாள், அல்லது இரண்டு வாரம் | ஒரு நாள். கீகிளோக் என்றால் ஒரு வாரம் |

நேரங்கள் எல்லாம் இயல்பு அமைப்பில். கடைசி வரி என் அனுபவக் கணக்கு.

## யாருக்கு எது

எல்லோரும் டொமைன் மெஷினில், ஒரே கட்டடத்தில், ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் இடம் என்றால் கெர்பரோஸ். பயனர் எதுவும் கற்க வேண்டாம். டிஎன்எஸ்ஸும் கடிகாரமும் ஒழுங்காக இருக்கும் வீடாக இருக்க வேண்டும்.

இரண்டு மூன்று தளங்கள், இருபது முப்பது பேர், எல்லோரும் விபிஎன்னுக்குள், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் என்றால் எல்டாப் போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை. டிஎல்எஸ், குழுக் கட்டுப்பாடு, ஸ்கிரிப்ட்களுக்குத் தனிக் கணக்கு ஆகிய மூன்றையும் விடாதீர்கள்.

கம்பெனி மெயில் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365இல் இருக்கிறது என்றால் என்ட்ரா கையிலேயே இருக்கிறது. ஓஐடிசிதான், யோசிக்க வேண்டாம். கிளவுட் கூடாது என்ற விதி இருந்து, தளங்களும் பெருகிக்கொண்டே போனால் கீகிளோக்.

தம்பியின் கம்பெனி மெயில் 365இல்தான். லீவு விண்ணப்பத்தைப் பாதிப் பேர் போனில் போடுகிறார்கள், அதனால் கெர்பரோஸ் அங்கேயே விழுந்தது. விக்கி, ரிப்போர்ட், லீவு மூன்றுக்கும் ஓஐடிசி என்று முடிவானது. ரிப்போர்ட்டை இறக்கும் ஸ்கிரிப்ட்களுக்கு மட்டும் தனிப் பாதையில், தனிக் கணக்கோடு எல்டாப். அந்தப் பாதை சர்வர் அறையின் ஐபிகளுக்கு மட்டும் திறக்கும்.

கண்காணிப்புப் பலகையை ஓஐடிசியில் வைக்காதே என்றேன். இன்டர்நெட் போனால் என்ட்ராவுக்குப் போக முடியாது. இன்டர்நெட் ஏன் போனது என்று பார்க்கத்தான் பலகையே வேண்டும். அதற்கு எல்டாப், இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களையும் வரிசையாகக் கொடுத்து. இரண்டும் விழும் நாளுக்காகப் பழைய மாதிரி பாஸ்வேர்ட் ஃபைலில் ஒரே ஒரு அவசரக் கணக்கு. அதன் பாஸ்வேர்ட் கவரில் ஒட்டி மேனேஜர் அலமாரியில்.

மூன்று வாரம் கழித்து கான்ஃபிக்கைப் பார்க்க அனுப்பினார். எல்லாம் சுத்தம். பலகையின் பகுதியில் மட்டும் 'முதலில் ஃபைல், பிறகு எல்டாப்' என்று இருந்தது, கீழே வேலிட் யூசர். அந்த ஃபைலை அனுப்பு என்றேன். ஒரே ஒரு கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு வரி. பழைய ஃபைலையே இழுத்து வைத்திருக்கிறார். முதல் வரியில் அதே ரிசைன் பண்ணியவர்.